அயல்வீட்டாருக்குக் கிடைத்த எட்டு அத்தியாயங்கள்

2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஆறு வார இடைவெளியில், ஐக்கிய அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரண்டு தொடர்கள் ஆரம்பமாயின. ஒக்டோபர் 2ஆம் திகதி 'ஷோடைம்' அலைவரிசையில் ஆரம்பமானது 'ஹோம்லான்ட்'. நீண்டகாலம் சிறைப்பட்டிருந்து மீண்டு வரும் ஓர் அமெரிக்கப் படைவீரன் அதன் கதாநாயகன். அவன் இஸ்லாத்தைத் தழுவியிருப்பது வீட்டாருக்குத் தெரியாது. வாகனக் கொட்டிலுக்குள் மறைந்து நின்று அவன் தொழுகிறான். அந்தக் காட்சியைக் கண்டதும் பார்வையாளரின் நெஞ்சு பதற வேண்டும் என்பதே கதையின் ஏற்பாடு. நவம்பர் 13ஆம் திகதி 'ரி.எல்.சி.' அலைவரிசையில் ஆரம்பமானது 'ஓல்-அமெரிக்கன் முஸ்லிம்'. இது கற்பனைக் கதையல்ல. மிச்சிகன் மாநிலத்தின் டியபோர்ன் நகரில் வாழும் ஐந்து முஸ்லிம் குடும்பங்களின் அன்றாட வாழ்வைப் படம்பிடித்த நிகழ்ச்சி. இங்கும் தொழுகிறார்கள். ஆனால் அது யாருக்கும் எதனையும் அறிவிக்கும் சமிக்ஞையல்ல; வீட்டில் நடக்கும் பத்துக் காரியங்களில் அதுவும் ஒன்று.

முதலாவது தொடர் 2020ஆம் ஆண்டு வரை எட்டுப் பருவங்கள் நீடித்து 96 அத்தியாயங்களைக் கண்டது. இரண்டாவது, எட்டே எட்டு அத்தியாயங்களுடன் 2012 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில், இனி அது தொடராது என்று அலைவரிசை அறிவித்தது.

நல்ல தொடர்கள் அற்பாயுளில் முடிவது அமெரிக்கத் தொலைக்காட்சியில் புதுமையான விடயமல்ல. தொலைக்காட்சி பார்ப்பவர் ஒவ்வொருவரிடமும், "இன்னும் கொஞ்சக் காலம் ஓடியிருக்கலாமே" என்று ஏங்கும் தொடர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். என்னுடைய பட்டியலில் முதலிடம் இந்த எட்டு அத்தியாயங்களுக்கே. அது தலைசிறந்த கலைப்படைப்பு என்பதற்காகவல்ல. ஒரு சமூகத்தின் முகம் திரையில் எவ்வளவு காலம் தங்கலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள் என்பதை இந்தச் சிறு தொடரின் முடிவைப் போல வேறெதுவும் எனக்குத் தெளிவாகக் காட்டவில்லை.

இதனை விளங்கிக்கொள்ள, அமெரிக்கத் தொலைக்காட்சியின் பொருளாதாரத்தைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்க்க வேண்டும். அங்கே தொலைக்காட்சி ஆரம்பத்திலிருந்தே ஒரு வணிகம். பொதுமக்களின் வரிப்பணத்தாலோ உரிமக் கட்டணத்தாலோ அது வளரவில்லை. விளம்பரதாரரின் பணத்தாலேயே வளர்ந்தது. அலைவரிசை நிகழ்ச்சியைப் பார்வையாளருக்கு விற்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது பார்வையாளரைத் திரட்டி விளம்பரதாரருக்கு விற்கிறது. ஆகவே ஒரு நிகழ்ச்சியின் ஆயுள் இரண்டு கேள்விகளில் தங்கியிருக்கிறது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது முதலாவது. அந்த நிகழ்ச்சியின் பக்கத்தில் தன் பெயர் தோன்றுவதை விளம்பரதாரர் விரும்புகிறாரா என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு எண்கள் விடை சொல்லும். இரண்டாவதற்கு விடை சொல்வது பெரும்பாலும் அச்சம்.

அந்த அச்சத்தின் பழைய உதாரணம் 1956ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் என்.பி.சி. வலையமைப்பில் நாட் கிங் கோல் என்ற பாடகரின் நிகழ்ச்சி ஆரம்பமானது. அவர் அன்றைய அமெரிக்காவின் மிகப் பிரபலமான பாடகர்களுள் ஒருவர், கறுப்பினத்தவர். தேசிய வலையமைப்பொன்றில் ஒரு கறுப்பினக் கலைஞர் தன் பெயரிலேயே நடத்திய முதல் நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று. பதினைந்து நிமிட நிகழ்ச்சியாகத் தொடங்கி, 1957இல் அரைமணி நேரமாக விரிந்தது. எல்லா ஃபிற்ஸ்ஜெரால்ட், ஹரி பெலஃபொன்ரே போன்ற பெருங் கலைஞர்கள், கோலின் மீதுள்ள மதிப்பினால் மிகக் குறைந்த ஊதியத்துக்கு வந்து பாடினார்கள். ஆனால் நாடளாவிய அனுசரணையாளர் ஒருவர்கூட முன்வரவில்லை. தென் மாநிலங்களின் வெள்ளையின வாடிக்கையாளர் தம் பொருட்களைப் புறக்கணித்துவிடுவார்கள் என்று நிறுவனங்கள் அஞ்சின. கறுப்பினத்தவர் ஒருவரால் உதட்டுச்சாயம் விற்க முடியாது என்று அழகுசாதன நிறுவனமொன்று சொன்னதாகக் கோலே பின்னர் எழுதினார்.

என்.பி.சி. ஒரு வருடத்துக்கு மேலாகத் தன் சொந்தச் செலவிலேயே அதனை நடத்தியது. நேரத்தை மாற்றுவோம் என்று அது சொன்னபோது கோல் மறுத்தார். 1957 டிசெம்பரில் நிகழ்ச்சி முடிந்தது. நியூயோர்க்கின் மடிசன் வீதி அமெரிக்க விளம்பரத் தொழிலின் தலைமையிடம். அந்த வீதிக்கு இருட்டைக் கண்டால் பயம் என்று கோல் சொன்ன வாக்கியம் அதன்பின் நிலைத்துவிட்டது. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. அந்த நிகழ்ச்சியை வெறியர்கள் வந்து நிறுத்தவில்லை. வெறியர்கள் வரக்கூடும் என்று எண்ணிய, கழுத்துப்பட்டி அணிந்த கனவான்கள் நிறுத்தினார்கள்.

அற்பாயுளில் முடிந்த தொடர்களுக்கு மறுவாழ்வு கிடைப்பதும் உண்டு. 'ஸ்டார் ட்ரெக்' அதற்குப் புகழ்பெற்ற சான்று. 1966இல் என்.பி.சி.யில் ஆரம்பித்த அந்த விண்வெளித் தொடர் இரண்டாவது பருவத்தோடு நிற்கப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, ரசிகர்கள் கடிதங்களை எழுதிக் குவித்தார்கள். மூன்றாவது பருவம் கிடைத்தது. 1969இல் 79 அத்தியாயங்களோடு அது முடிந்தது. ஆனால் 79 என்பது உள்ளூர் நிலையங்கள் நாள்தோறும் மறுஒளிபரப்புச் செய்யப் போதுமான தொகை. அந்த மறுஒளிபரப்பில்தான் அது உண்மையாகப் பிறந்தது. திரைப்படங்களாகவும் புதிய தொடர்களாகவும் பெருகியது. இதிலிருந்து தெரிவது, நினைவில் நிற்பதற்கும் ஒரு குறைந்தபட்ச நீளம் வேண்டும் என்பதாகும். எட்டு அத்தியாயங்களை எந்த நிலையமும் நாள்தோறும் மறுஒளிபரப்புச் செய்யாது. அதற்கு மறுவாழ்வு இல்லை.

இந்தப் பின்னணியோடு முஸ்லிம்களின் விடயத்துக்கு வருவோம். அமெரிக்கத் திரையில் அரபியும் முஸ்லிமும் எவ்வாறு சித்திரிக்கப்பட்டனர் என்பதை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர் ஜக் ஷாஹீன். லெபனானிய வம்சாவளியில் வந்த அமெரிக்கக் கிறிஸ்தவர், 2017இல் காலமானார். தொலைக்காட்சியின் அரபிகளைப் பற்றிய அவரது நூல் 1984இல் வெளிவந்தது. 2001இல் வெளிவந்த மற்றொரு நூலில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட திரைப்படங்களை அவர் பரிசீலித்தார். எண்ணெய்ச் செல்வத்தில் புரளும் ஷேக், குண்டு வைப்பவன், அந்தப்புரத்துப் பெண் என்ற மூன்று நான்கு அச்சுகளிலேயே நூறாண்டுக் காலமாக ஒரு மக்கள் திரள் முழுவதும் வார்க்கப்பட்டிருப்பதை அவர் காட்டினார். செப்டெம்பர் 11க்குப் பிறகு அந்த அச்சுகளில் ஒன்று மட்டும் மிகையாகப் பயன்பட்டது. 2001 நவம்பரில் 'பொக்ஸ்' வலையமைப்பில் ஆரம்பமான '24' என்ற தொடர் எட்டுப் பருவங்கள் ஓடியது. அதன் நான்காம் பருவத்தில், ஓர் அமைதியான புறநகர் வீட்டில் வாழும் முஸ்லிம் குடும்பமொன்று பயங்கரவாதக் குழுவாக வருகிறது. காலையுணவு மேசையில் அமர்ந்திருக்கும் அப்பா, அம்மா, மகன் மூவருமே சதிகாரர்கள். 2005 ஜனவரியில் முஸ்லிம் அமைப்புகள் ஆட்சேபித்தன. அமெரிக்க முஸ்லிம்களைப் பயங்கரவாதிகளாக எண்ண வேண்டாம் என்று அத்தொடரின் நாயகன் கீஃபர் சதர்லான்ட் தோன்றிச் சொல்லும் ஒரு சிறு அறிவித்தலை 'பொக்ஸ்' ஒளிபரப்பியது. ஒரு பருவம் முழுவதும் கதை விதைத்ததை ஒரு நிமிட அறிவித்தல் பிடுங்கி எறிந்துவிடும் என்று யாரும் நம்பியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

எனினும் அந்தக் கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அங்கே அச்சுறுத்தலாக நிறுத்தப்பட்டது தாடியும் துப்பாக்கியும் அல்ல, காலையுணவு மேசை. சாதாரண வாழ்க்கையே ஒரு வேடம் என்ற எண்ணம் அவ்வாறுதான் வீடுகளுக்குள் நுழைந்தது. பின்னர் நடந்தவற்றுக்கு இதுவே திறவுகோல்.

2007ஆம் ஆண்டு இரண்டு நகைச்சுவைத் தொடர்கள் இந்த எண்ணத்துக்கு மறுதலையாக வந்தன. ஒன்று அமெரிக்காவில், மற்றையது கனடாவில்.

அமெரிக்கத் தொடரின் பெயர் 'ஏலியன்ஸ் இன் அமெரிக்கா'. ஒக்டோபரில் 'சி.டபிள்யூ.' வலையமைப்பில் ஆரம்பமானது. விஸ்கொன்சின் மாநிலத்தின் ஒரு சிற்றூர்க் குடும்பம், கூச்ச சுபாவமுள்ள தம் மகனுக்கு நண்பனாக இருக்கட்டும் என்று வெளிநாட்டு மாணவன் ஒருவனை வீட்டில் தங்க வைக்க ஏற்பாடு செய்கிறது. பொன்னிற முடியுடன் ஓர் ஐரோப்பியப் பையன் வந்திறங்குவான் என்று தாய் காத்திருக்க, விமான நிலையத்தில் வந்து நிற்பவன் பாகிஸ்தானைச் சேர்ந்த ராஜா. தென்னாபிரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளி நடிகர் அதிர் கல்யாண் அந்த வேடத்தில் நடித்தார். முதல் அத்தியாயத்தில் ஒரு வகுப்பறைக் காட்சி வருகிறது. ராஜாவின் வேறுபாடுகளைப் பற்றி உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்று ஆசிரியை நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். அவனுடைய ஆட்கள் நியூயோர்க்கில் கட்டடங்களைத் தகர்த்ததால் தனக்குக் கோபம் வருவதாக ஒரு மாணவி சொல்கிறாள். ஆசிரியை அதை நல்லதொரு பங்களிப்பாக ஏற்றுக்கொண்டு மேலே செல்கிறார். சிரிப்பு இங்கே ராஜாவின் மேல் விழவில்லை. வகுப்பறையின் மேல் விழுகிறது. அத்தொடர் 18 அத்தியாயங்களோடு 2008 மே மாதத்தில் நின்றது. பார்வையாளர் தொகை சிறியது. அந்தப் பருவத்தின் நடுவே எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் மூன்று மாதங்கள் நீடித்துத் தொழில் முழுவதையும் குழப்பியதும் சேர்ந்துகொண்டது. அதனை யாரும் சதி செய்து கொல்லவில்லை. காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை, அவ்வளவுதான்.

கனடாவில் நிலைமை வேறு. 2007 ஜனவரி 9ஆம் திகதி பொது ஒலி-ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.சி.யில் 'லிட்டில் மொஸ்க் ஒன் த பிறெய்ரி' ஆரம்பமானது. அதனை உருவாக்கியவர் ஸர்க்கா நவாஸ் என்ற முஸ்லிம் பெண். பள்ளிவாசல்களில் பெண்களுக்குரிய இடம் பற்றி 2005இல் ஓர் ஆவணப்படம் எடுத்தவர் அவர். இந்தத் தொடரின் களம் சஸ்கச்சுவான் மாநிலத்தில் மேர்சி என்ற கற்பனைச் சிற்றூர். அங்குள்ள முஸ்லிம்கள் அங்கிலிக்கன் தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பள்ளிவாசல் நடத்துகிறார்கள். புதிதாக வரும் இளம் இமாம் ரொரன்டோவில் சட்டத்தரணியாக இருந்தவர். ஊரில் கடும்போக்காளர் ஒருவர் இருக்கிறார். ஹிஜாப் அணிந்த வைத்தியர் இருக்கிறார். உணவுக்கடை நடத்தும் பெண் இருக்கிறார். பள்ளிவாசலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தடுப்பு வேண்டுமா என்பதும் பிறை பார்ப்பதும் அங்கே பிரச்சினைகள். நமது ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டமொன்றில் அமர்ந்து பழகிய எவருக்கும் அந்த மனிதர்களை உடனே அடையாளம் தெரியும்.

முதல் நாள் அதனைச் சுமார் 21 இலட்சம் பேர் பார்த்தார்கள். கனடாவின் சனத்தொகையோடு ஒப்பிட்டால் அது பெருந்தொகை. பின்னர் அத்தொகை வெகுவாகக் குறைந்தது. ஆயினும் சி.பி.சி. அதனைக் கைவிடவில்லை. 2012 ஏப்ரலில் முடியும்வரை ஆறு பருவங்களாக 91 அத்தியாயங்கள் வெளிவந்தன. சி.பி.சி.யும் விளம்பரம் வாங்குகிற நிறுவனம்தான். ஆனால் அதன் உயிர் விளம்பரத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. அரசின் மானியமும், நாட்டிலுள்ள எல்லாச் சமூகங்களையும் காட்ட வேண்டும் என்ற கடப்பாடும் அதற்கு இருந்தன. இத்தொடருக்கு அமெரிக்கப் பதிப்பொன்றைத் தயாரிக்கப் போவதாக 2008இல் 'ட்வென்டியத் சென்சுரி பொக்ஸ்' அறிவித்தது. அது திரைக்கு வரவேயில்லை.

இனி டியபோர்ன் நகருக்கு வரலாம். டெட்ரொயிட்டை அடுத்துள்ள இந்நகர் ஹென்றி ஃபோர்டின் நகர். அங்கே றூஜ் நதியோரத்தில் எழுந்த ஃபோர்ட் மோட்டார்த் தொழிற்சாலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து லெபனானிலிருந்தும் பிற அரபு நாடுகளிலிருந்தும் தொழிலாளரை ஈர்த்தது. ஆகவே அங்குள்ள முஸ்லிம்களுட் பலர் நேற்று வந்திறங்கியவர்கள் அல்லர். மூன்றாம், நான்காம் தலைமுறையினர். அமெரிக்காவின் மிகப் பெரிய பள்ளிவாசல்களுள் ஒன்று 2005இல் அங்கே திறக்கப்பட்டது.

'ஓல்-அமெரிக்கன் முஸ்லிம்' காட்டிய ஐந்து குடும்பங்களும் லெபனானிய வம்சாவளியின. அவர்களுள் ஒருவர் மாவட்டப் பொலிஸ் துறையில் உயரதிகாரி. இன்னொருவர் உயர்தரப் பாடசாலையொன்றில் அமெரிக்க உதைபந்தாட்டப் பயிற்றுநர். அவரது மாணவரிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நோன்பு மாதமோ கடும் கோடையில் வருகிறது. ஆகவே பயிற்சியை நள்ளிரவுக்கு மாற்றலாமா என்று அவர் யோசிக்கிறார். பிள்ளையில்லாத ஏக்கத்தில் வைத்தியரை நாடும் ஒரு பெண், கைவிட்ட ஹிஜாபை மீண்டும் அணியலாமா என்று சிந்திக்கிறாள். இரவுக் கேளிக்கை விடுதி திறக்க விரும்பும் இன்னொரு பெண்ணை உறவினர் கண்டிக்கிறார்கள். அயர்லாந்து வம்சாவளிக் கத்தோலிக்க இளைஞன் ஒருவன், தான் விரும்பிய பெண்ணை மணப்பதற்காகக் கலிமாச் சொல்கிறான். அவன் வளர்த்த நாயை வீட்டுக்குள் விடலாமா என்பது பின்னர் தம்பதியரிடையே வாக்குவாதமாகிறது. செப்டெம்பர் 11இன் பத்தாவது நினைவு நாளில் அவர்கள் எல்லோரும் என்ன நினைக்கிறார்கள் என்பதும் ஓர் அத்தியாயத்தில் வருகிறது. அந்தப் பேச்சில் மட்டும் ஒரு கனம் இருக்கிறது. மற்றபடி, எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காரியங்கள்தான்.

முதல் அத்தியாயத்தை 17 இலட்சம் பேர் பார்த்தார்கள். அந்த அலைவரிசைக்கு அது நல்ல தொடக்கம். பின்னர் வந்த வாரங்களில் தொகை பத்து இலட்சத்துக்குக் கீழே இறங்கியது.

இந்நிலையில் புளோரிடா மாநிலத்தின் டம்பா நகரிலிருந்து ஒரு பிரசாரம் எழுந்தது. 'புளோரிடா குடும்பச் சங்கம்' என்று தன்னை அழைத்துக்கொண்ட ஓர் அமைப்பு, தொடருக்கு விளம்பரம் தரும் நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புமாறு தன் ஆதரவாளரைக் கேட்டது. அது பேரமைப்பு எதுவுமல்ல. டேவிட் கேற்றன் என்ற தனிமனிதர் ஒருவரின் முயற்சி என்றே சொல்லிவிடலாம். அவர்கள் முன்வைத்த குற்றச்சாட்டைத்தான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். தொடரில் தவறான கருத்து சொல்லப்படுகிறது என்பதல்ல அவர்களது முறைப்பாடு. சாதாரண மனிதர்களாகத் தோன்றும் முஸ்லிம்களை மட்டுமே அது காட்டுகிறது; ஆபத்தான முஸ்லிம்களைக் காட்டாமல் விடுகிறது; ஆகவே அது மக்களின் விழிப்பைக் குலைக்கும் பிரசாரம் என்பதே அவர்களது வாதம். இதன் பொருள், அந்தக் குடும்பங்கள் செய்த குற்றம் சாதாரணமாக இருந்தது. '24' தொடரின் காலையுணவு மேசை இங்கே மறுபடி வந்து நிற்கிறது.

அந்த மின்னஞ்சல்களைப் பெற்றவற்றுள் 'லோவ்ஸ்' நிறுவனமும் ஒன்று. வீடு கட்டவும் திருத்தவும் வேண்டிய பொருட்களை விற்கும் பெருநிறுவனம் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் அதற்குண்டு. 2011 டிசெம்பரில் அது தன் விளம்பரத்தை விலக்கிக்கொண்டது. இத்தொடர் பலதரப்பட்ட சமூக, அரசியல் கருத்துகள் மோதும் இடமாகிவிட்டது என்று காரணம் கூறியது. யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துவதாகவும் சொன்னது. பயண முன்பதிவுச் சேவையான 'கயாக்' நிறுவனமும் விலகியது. எவரது அழுத்தத்துக்கும் தாம் பணியவில்லை, தொடர் தமக்குப் பிடிக்கவில்லை என்பது அதன் விளக்கம். இன்னும் டசின்கணக்கான நிறுவனங்களைத் தாமே விலக வைத்ததாக அச்சங்கம் உரிமை கொண்டாடியது. அந்தப் பட்டியலில் இருந்த சில நிறுவனங்கள் அதனை மறுத்தன.

எதிர்வினை இல்லாமல் போகவில்லை. கலிபோர்னியா மாநில செனட்டர் டெட் லியூ அந்நிறுவனத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தெரிவான முதல் முஸ்லிமான கீத் எலிசனும் குரல் எழுப்பினார். இசைத் தயாரிப்பாளர் ரஸல் சிமன்ஸ், எஞ்சிய விளம்பர நேரத்தைத் தானே வாங்கிக்கொள்வதாக அறிவித்தார். டியபோர்னுக்கு அண்மையில் அந்நிறுவனத்தின் கடை முன்றலில் மக்கள் திரண்டு நின்று ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அந்நிறுவனத்தின் முகநூற் பக்கம் ஆயிரக்கணக்கான கருத்துகளால் நிரம்பியது. அவற்றில் வெறுப்பைக் கக்கியவையும் ஏராளம்.

அவ்வளவு சத்தத்துக்குப் பிறகும் பார்வையாளர் தொகை உயரவில்லை. மார்ச்சில் அலைவரிசை தொடரை நிறுத்தியபோது சொன்ன காரணம் அதுதான். ஆகவே, ஒரு மதவெறிப் பிரசாரம் இத்தொடரைக் கொன்றது என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. பிரசாரம் சூடுபிடிப்பதற்கு முன்பே பார்வையாளர் விலகத் தொடங்கியிருந்தனர். அது ஏன் என்று கேட்க வேண்டும். இவ்வகை நிகழ்ச்சிகளின் ரசிகர்கள் சண்டையையும் அழுகையையும் அவமானத்தையும் எதிர்பார்த்துப் பழகியவர்கள். இந்தக் குடும்பங்கள் அவற்றைக் கொடுக்கவில்லை. ஒருபுறம், ஆபத்தானவர்களாக இல்லை என்பதற்காகச் சங்கம் அவர்களை வெறுத்தது. மறுபுறம், சுவாரசியமானவர்களாக இல்லை என்பதற்காகப் பார்வையாளர் அவர்களைவிட்டு நகர்ந்தனர். வெறுப்பும் அசிரத்தையும் இரு வேறு வாசல்களால் வந்து ஒரே இடத்தில் சந்தித்தன.

முஸ்லிம்களிடமிருந்தும் குறைகள் எழுந்தன என்பதை மறைப்பது நேர்மையாகாது. அமெரிக்க முஸ்லிம்களில் பெருந்தொகையினர் ஆபிரிக்க அமெரிக்கர். இன்னொரு பெருந்தொகையினர் தென்னாசியர். ஐந்து குடும்பங்களையும் ஒரே நகரிலிருந்து, ஒரே நாட்டு வம்சாவளியிலிருந்து, ஷீஆப் பிரிவிலிருந்தே எடுத்துவிட்டு, முழு அமெரிக்க முஸ்லிம் சமூகத்தின் பெயரையும் அதற்குச் சூட்டியது எப்படி என்று பலர் கேட்டார்கள். கேளிக்கை விடுதி திறக்க விரும்பும் பெண்ணை முஸ்லிமின் மாதிரியாகக் காட்டுவதா என்று வேறு சிலர் சினந்தார்கள். முதலாவது கேள்வி நியாயமானது. இரண்டாவதில் எனக்கு உடன்பாடில்லை. திரையில் எப்போதாவது ஒருமுறை மட்டுமே தோன்றக் கிடைக்கும் சமூகம், தோன்றும் ஒவ்வொருவரையும் தன் தூதுவராக எண்ணிப் பதறுகிறது. அந்தப் பதற்றத்தை நாம் அறிவோம். நமது கதைகளில் ஒரு குடிகாரனோ வட்டிக்காரனோ வந்துவிட்டால், "ஏன் நம்மைக் காட்டிக்கொடுக்கிறாய்?" என்று எழுத்தாளனிடம் கேட்பவர்கள் இங்கேயும் உண்டு. நூறு கதைகள் இருந்தால் ஒரு கதையின் மேல் அவ்வளவு பாரம் விழாது. எட்டு அத்தியாயங்களின் மேல் முழுச் சமூகத்தின் பாரமும் விழுந்தது.

'லிட்டில் மொஸ்க்' தப்பித்த இடம் அதுதான். 91 அத்தியாயங்களில் கடும்போக்காளர் எத்தனையோ முறை முட்டாளாகலாம். சில முறை மற்ற எல்லோரையும்விட நியாயமானவராகவும் இருக்கலாம். ஒரு மனிதன் முழுமையாகத் தெரிவதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். ஒரே ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களில், எல்லைக்கு இருபுறமும் இரு தொடர்களும் முடிவுக்கு வந்தன. ஒன்று தன் காலத்தை வாழ்ந்து முடிந்தது. மற்றையது தொடங்கும் முன்னரே நின்றது. இடையிலிருந்த வேறுபாடு எழுத்தாளரின் திறமை மட்டுமல்ல. பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் ஆகும்.

'ஹோம்லான்ட்' தொடர்ந்தது. 2015இல் அதன் ஐந்தாம் பருவத்துக்காகப் பேர்லினில் ஓர் அகதி முகாம் அரங்கம் அமைக்கப்பட்டது. அதன் சுவர்களில் அரபு வாசகங்கள் எழுத மூன்று ஓவியர்கள் அழைக்கப்பட்டனர். அவர்கள் எழுதிய வாசகங்களில் ஒன்று, 'ஹோம்லான்ட்' ஓர் இனவாதத் தொடர் என்பது. யாரும் கவனிக்கவில்லை. படப்பிடிப்பு முடிந்தது, தணிக்கை முடிந்தது, ஒக்டோபரில் ஒளிபரப்பும் ஆனது. அதன் பின்னர் ஓவியர்களே வெளிப்படுத்தினார்கள். நான்கு பருவங்களாக அரபு உலகைப் பற்றிக் கதை சொல்லிவந்த ஒரு தொடரில், சுவரில் எழுதியதை வாசித்துப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

அதற்குப் பின்னர் காலம் சிறிது மாறியிருக்கிறது. சந்தாப் பணத்தைப் பெரிதும் நம்பும் இணையவழிச் சேவைகள் வந்தபோது, விளம்பரதாரரின் அச்சத்துக்கிருந்த பிடி சற்றுத் தளர்ந்தது. எகிப்திய வம்சாவளியைச் சேர்ந்த ரமி யூசெஃப் உருவாக்கி நடித்த 'ரமி' 2019இல் 'ஹூலூ'வில் வெளிவந்தது. 2020 ஜனவரியில் அதற்காகக் கோல்டன் குளோப் விருதைப் பெற்றபோது, மேடையில் அவர் அல்லாஹு அக்பர் என்று கூறினார். 2022 வரை அது மூன்று பருவங்கள், 30 அத்தியாயங்கள் கண்டது. ஹியூஸ்டன் நகரில் வாழும் பலஸ்தீன அகதி ஒருவனின் கதையான 'மோ' 2022இல் 'நெட்பிளிக்ஸில்' ஆரம்பித்து, 2025இல் வெளியான இரண்டாவது பருவத்தோடு 16 அத்தியாயங்களில் நிறைவுற்றது. இவற்றின் நாயகர்கள் தூதுவர்கள் அல்லர். பாவம் செய்கிறார்கள், தொழுகிறார்கள், மீண்டும் தவறுகிறார்கள். ஆயினும் அத்தியாயங்களின் எண்ணிக்கையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முஸ்லிமைச் சந்தேகிக்கும் கதைகளுக்குக் கிடைத்த ஆயுள், முஸ்லிமோடு வாழும் கதைகளுக்கு அமெரிக்காவில் இன்னும் கிடைக்கவில்லை.

அயல்வீட்டில் குடிவந்தவரை முதலாம் மாதத்தில் நாம் அறிவதில்லை. அவர் வீட்டுக் கஞ்சி நம் வீட்டுக்கு வந்து, நம் வீட்டுப் பலகாரம் அங்கே போய், ஒரு மையித்து நடந்து, ஒரு சண்டை நடந்து ஓய்ந்து, ஆண்டொன்று கழிந்த பின்னரே அவர் நமக்கு அயலவர் ஆகிறார். டியபோர்ன் குடும்பங்களின் நோன்பை அமெரிக்கா ஒரேயொரு முறை பார்த்தது. புதிதாகக் கலிமாச் சொன்ன அந்த இளைஞன் மறுவருடமும் நோன்பு பிடித்தானா? நள்ளிரவில் ஓடிப் பயின்ற பையன்கள் அடுத்த பருவத்தில் வென்றார்களா? ஹிஜாப் அணிந்த பெண்ணுக்குப் பிள்ளை பிறந்ததா? அவர்களுடைய இரண்டாவது நோன்பு ஒளிபரப்பாகவில்லை.